தண்ணீர்ப் பானைக்கு மேலே எழுதிய பாஸ்வேர்டு

எனக்குக் கோபம் வந்தால் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பேன். பிறந்த வீடு நகரிப் பக்கம், புகுந்த வீடு திருத்தணி. திட்டுவதற்கு என் அம்மாவின் தெலுங்கில் இருக்கிற வசதி வேறு எதிலும் கிடையாது. என் மாமனாருக்கு இரண்டு மொழியும் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் நான் தெலுங்குக்கு மாறியதும் காது கேளாதவர் போலத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். வாசலில் அவருக்கு எப்போதும் வேலை இருந்தது. அங்கேதான் தண்ணீர்ப் பானை இருந்தது.

எங்கள் வீடு மலையடிவாரத்தில், படிக்கட்டுக்குப் போகிற வழியில் இருக்கிறது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருகிற கூட்டம் எங்கள் கேட்டை உரசிக்கொண்டுதான் போகும். மாமாவுக்குக் கே.ஜி.கண்டிகை பக்கம் நிலம். நெல் போட்டாலும் வேர்க்கடலை போட்டாலும், விளைந்தாலும் காய்ந்தாலும், ஆடியில் பந்தல் போட்டு மோரும் தண்ணீரும் கொடுக்காமல் இருந்ததில்லை. மற்ற மாதங்களில் பந்தல் இருக்காது. பானையும் டம்ளரும் உட்கார ஒரு சிமெண்ட் பெஞ்சும் மட்டும் இருக்கும். பெஞ்சுக்கு மேலே சுவரில் ‘குடிநீர், அனைவரும் அருந்தலாம்’ என்று நீலப் பெயிண்டில் எழுதியிருக்கும்.

அந்தப் பானைக்கு ஒரு சட்டம் உண்டு. குடிக்க வந்தவரை யார் என்று கேட்கக் கூடாது. கல்யாணமாகி வந்த புதிதில், பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவரிடம் வாய் சும்மா இல்லாமல் “எந்த ஊருங்க?” என்று கேட்டுவிட்டேன். மாமா என்னை உள்ளே கூப்பிட்டுச் சொன்னார்.

“யாரு, இன்னான்னு கேட்டுட்டுக் குடுக்கறதுக்கு இது இன்னா போலீஸ் ஸ்டேஷனாம்மா? தாகம்னு வந்தான், குடு. அவ்ளோதான்.”

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மனுஷர் சொன்னதில் ஒரு அழகு இருந்தது என்று உள்ளுக்குள் தோன்றியது. அந்தச் சட்டம் எங்கள் தலையிலேயே ஒரு நாள் விடியும் என்று அப்போது யார் கண்டார்கள்!

நான் வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். சென்னையில் ஒரு அலுவலகம் தெலுங்கில் இருக்கிற காகிதங்களை அனுப்பும். நான் தமிழாக்கித் தட்டச்சு செய்து மெயிலில் திருப்பி அனுப்புவேன். முதலில் டயல் அப் வைத்திருந்தோம். கீ என்று கத்தி, கொர்ரென்று தொண்டையைச் செருமி, ஒரு வழியாக இணைந்து ஃபைல் ஏறிக்கொண்டிருக்கும்போது, அத்தை, அதாவது என் மாமியார், கூடத்தில் ரிசீவரைத் தூக்கிவிடுவார். போச்சு! பாதி ஏறியது அறுந்து விழும். “இன்னாடி இது, போன்ல யாரோ கொறட்டை வுடறாங்க” என்பார். நான் தெலுங்குக்குப் போய்விடுவேன்.

அப்புறம் பிராட்பேண்ட் வந்தது. அதற்கும் அப்புறம், வயர் இல்லாமலே வீடெங்கும் நெட் கிடைக்கிற பெட்டி வந்தது. லைன்மேன் அதை அலமாரியில் வைத்துவிட்டுப் போன அன்று எங்கள் வீட்டில் கேட்ட கேள்விகளை எழுதி வைத்திருந்தால் ஒரு புத்தகமே போட்டிருக்கலாம். “இடி இடிச்சா புடுங்கி வெக்கணுமா?” என்றார் அத்தை. ஆங், வைக்க வேண்டும் என்றேன். “வைரஸ் வருதுன்றாங்களே, கொழந்தைங்க இருக்கற வூட்ல இத வெக்கலாமா?” என்றார் பக்கத்து வீட்டு அம்மா. அந்த வைரஸ் வேறு என்று புரிய வைப்பதற்குள் எனக்கே காய்ச்சல் வந்துவிடும்போல இருந்தது. மெயில் வந்திருக்கிறது, பரிசு விழுந்திருக்கிறது, பேங்க் நம்பர் கேட்கிறான், கொடுக்கலாமா என்று கேட்டவர் என் கணவர். படித்த மனுஷர், ஹைஸ்கூலில் கணக்கு வாத்தியார்! “டிக்கெட்டே வாங்காம எப்படிங்க பரிசு விழும்?” என்று கேட்டேன். அதன் பிறகுதான் அவருக்கு உறைத்தது.

மாமா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“செவுரு தாண்டிப் போவுமாம்மா இது?”

“போகும் மாமா. வாசல் வரைக்கும் வரும்.”

“பானை வரைக்குமா?”

“ஆங், பானை வரைக்கும்.”

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். இப்படி ஆளாளுக்கு எதையெதையோ கேட்டோம். இதில் யார் யார் வரலாம் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. அந்தப் பெட்டிக்கு நான் ஒரு பாஸ்வேர்டு வைத்தேன். என் அம்மா வீட்டுத் தெருப் பெயரை எடுத்து, நடுவில் எண்களை நுழைத்து, யாராலும் ஊகிக்க முடியாதபடி செய்து, வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைத்தேன்.

அந்த வருஷம் ஆடியில், மஞ்சள் வேட்டியும் நெற்றி நிறைய விபூதியுமாக ஒரு இளைஞன் பந்தலுக்கு வந்தான். ஹைதராபாத்தில் வேலையாம். காவடி எடுக்க வந்த இடத்தில் ஆபீசிலிருந்து போன். ஏதோ ஒரு ஃபைலை அந்த நிமிஷமே அனுப்பாவிட்டால் வேலை போய்விடும் என்று அழாத குறையாகச் சொன்னான். தோளில் லேப்டாப் பை தொங்கியது. மாமா அவனைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்து, “இவனுக்கு நெட்டு குடும்மா” என்றார். கொடுத்தேன். ஃபைல் போனதும் அந்தப் பையன் மாமா காலில் விழுந்துவிட்டான்.

மாமாவுக்கு அன்று தலைகால் புரியவில்லை.

“ஒரு வாய் மோரு கூட குடிக்கல பாரு. ஆனா தாகம் தீந்து போறான். இத குடுத்தா நமக்கு இன்னா, கொறைஞ்சா பூடுது?”

“குறையாது மாமா. ஆனா...”

“கொறையாதுன்னா அப்புறம் இன்னா ஆனா?”

அடுத்த வாரம் நான் அம்மா வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டுத் திரும்பினேன். ஆட்டோவிலிருந்து கால் வைக்கும்போதே கண்ணில் பட்டது. ‘குடிநீர், அனைவரும் அருந்தலாம்’ என்பதற்குக் கீழே, புதுப் பெயிண்டில், ‘இண்டர்நெட், அனைவரும் உபயோகிக்கலாம்’. அதற்கும் கீழே என் பாஸ்வேர்டு! என் அம்மா வீட்டுத் தெரு, நடுவில் நான் நுழைத்த எண்கள், எல்லாம் முழ உயரத்துக்கு. பெயிண்டர் கொடுத்த காசுக்கு மேலேயே வேலை செய்து ஓரத்தில் ஒரு வேலும் வரைந்திருந்தான்.

அன்று நான் தமிழில் ஆரம்பிக்கவே இல்லை. நேரே தெலுங்குதான். பையைக்கூட இறக்காமல் கத்தினேன். தெரு வேடிக்கை பார்த்தது. மாமா அன்று மட்டும் வாசலுக்குப் போகவில்லை, ஏனென்றால் ஏற்கெனவே வாசலில்தான் நின்றிருந்தார்.

“பாத்திரம் அறிந்து பிச்சை இடுன்னு சொல்லியிருக்காங்க மாமா!”

“பாத்திரம் பாத்துப் போட்டா அது வியாபாரம்மா, தருமம் இல்ல.”

“ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்!”

“நீதான கொறையாதுன்ன? கொறையாதத எதுக்கு அளக்கறது?”

என் கணவரைப் பார்த்தேன். அவர் வழக்கம்போல, “வுடேன், நைனா ஒண்ணு சொன்னா சொன்னதுதான்னு உனக்குத் தெரியாதா” என்று என் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் சண்டை போட்டதும், பலர் சேர்ந்தால் நெட் மெதுவாகி என் வேலை கெடும் என்றுதான். ஆபத்து என்கிற வார்த்தை என் வாயிலும் வரவில்லை. கடைசியில் என் வேலை முடிகிற சாயங்காலம்வரை சாக்குத் துணியால் அந்த எழுத்தை மறைத்து வைப்பது என்று ராஜியானோம். நாலே நாளில் சாக்கு காற்றில் போய்விட்டது. அதற்குள் பாஸ்வேர்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தெரிந்துவிட்டது.

இங்கே நான் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். நடந்ததெல்லாம் அவள் தலையில்தான் விடிந்தது.

அம்மையார்குப்பத்தில் மாமாவுக்கு ஒரு சிநேகிதர். நெசவுக்காரர், வீட்டில் பவர்லூம் ஓடுகிறது. வருஷா வருஷம் இருவரும் சேர்ந்துதான் காவடி எடுப்பார்கள். ஒருவரை ஒருவர் ‘பாவா’, அதாவது தெலுங்கில் மச்சான், என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தம் கிடையாது, ஆனால் அந்தக் கேலியும் உரிமையும் சொந்தத்தில்கூட இருக்காது. அவருடைய ஒரே மகள் திருத்தணியில் காலேஜ் படித்தாள். கம்ப்யூட்டர் படிப்பு, இரண்டாம் வருஷம். அவர்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். காலேஜ் விட்டு பஸ்ஸுக்கு நேரமிருந்தால் எங்கள் வீட்டுக்கு வருவாள். பானையில் ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு அண்ணாந்து குடிப்பாள். பிறகு உள்ளே வந்து, “அக்கா, கொஞ்சம் நகருங்க” என்று என் நாற்காலியில் பாதியைப் பிடித்துக்கொள்வாள். வாயாடி. என் தெலுங்குத் திட்டுகளை எல்லாம் கற்றுக்கொண்டு என்னிடமே திருப்பிச் சொல்வாள். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்.

தீபாவளி முடிந்து அவள் வருவது நின்றது. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தேன். போன் செய்தால் யாரும் எடுக்கவில்லை. மழை விட்ட ஒரு காலையில் சாதா உடுப்பில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்து மாமாவின் பெயரைச் சொல்லி, இந்த போன் கனெக்‌ஷன் உங்களுடையதா என்று கேட்டார்கள்.

விஷயம் இதுதான். அப்போது பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்திருந்த ஒரு நட்புத் தளத்தில், அந்தப் பெண்ணின் பெயரில் யாரோ ஒரு பொய்க் கணக்கு திறந்திருந்தார்கள். அவள் போட்டோவைப் போட்டு, வாயால் சொல்ல முடியாத வார்த்தைகளை அவளே எழுதியதுபோல எழுதி, கடைசியில் அவள் வீட்டு போன் நம்பரையும் போட்டிருந்தார்கள். அம்மையார்குப்பத்தில் அந்த போன் ஓயாமல் அடித்திருக்கிறது. எடுத்தது அவளுடைய அப்பா. என்னென்ன அவர் காதில் விழுந்ததோ! போன் வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, “காலேஜும் வேணாம், கீலேஜும் வேணாம்” என்று அவளை வீட்டில் உட்கார வைத்துவிட்டார். காலேஜ் மேடம் ஒருவர் வந்து எடுத்துச் சொன்னதால்தான் போலீசுக்குப் போயிருக்கிறார். போலீஸ் அந்தக் கணக்கு எந்த லைனிலிருந்து திறக்கப்பட்டது என்று துருவிக்கொண்டே போனதில், அது எங்கள் வீட்டு லைனில் வந்து நின்றது.

மாமாவை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். நானும் கணவரும் கூடப் போனோம். இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார்.

“உங்க வீட்டு நெட்ட யார் யாருங்க யூஸ் பண்றாங்க?”

“யாரு வேணா பண்ணுவாங்க சார்.”

“யாரு வேணான்னா? பேரு சொல்லுங்க.”

“பேரெல்லாம் கேக்கறது இல்லைங்க.”

“பேரு கேக்கறது இல்லியா?”

“வர்றவங்கள யாருன்னு கேக்கறது எங்க வழக்கம் இல்லைங்க.”

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடி வைத்தார். “நல்ல வழக்கம்தான் பெரியவரே” என்றார். “ஆனா இப்போ உங்க வூட்டு ஆளுங்க பேரு மட்டும்தான் எங்கிட்ட கீது.” அந்த நிமிஷம் என் கணவரின் முகம் செத்துப்போனது. யாரைச் சந்தேகப்படுவார்கள்? வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த ஆம்பளை அவர் ஒருத்தர்தானே! தெருவில் அதற்குள் வேறு கதை ஓடியது. ‘அந்த வூட்டு மருமவதான் எந்நேரமும் கம்ப்யூட்டர்ல குந்திகினு இருப்பா’ என்று என் காதுபடவே பேசினார்கள். பேசியவர்கள் எல்லோரும் எங்கள் சுவரைப் பார்த்துப் பாஸ்வேர்டு போட்டுக்கொண்டவர்கள்தான்.

வீட்டுக்கு வந்ததும் மாமா நேராக அலமாரிக்குப் போய்ப் பெட்டியின் வயரைப் பிடுங்கினார். பச்சை விளக்குகள் அணைந்தன. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“நிறுத்திட்டேம்மா. அது போயிடுச்சா?”

“எது மாமா?”

“அந்தப் பொண்ணு மேல எழுதினது.”

“இல்ல மாமா. அது இங்க இல்ல. வேற எங்கியோ கீது.”

“நம்ம வூட்லருந்துதான போச்சு?”

“போச்சு. போனது நாம நிறுத்தினா நிக்காது மாமா.”

இடி இடித்தால் பிடுங்க வேண்டுமா என்று கேட்ட வீட்டில், கேட்க வேண்டிய கேள்வி இப்படித்தான் வந்து சேர்ந்தது. மாமா பிடுங்கிய வயரைக் கையில் வைத்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவர்மேல் மலைபோலக் கோபம் இருந்தது. சொல்லிக்காட்ட வேண்டும், ‘அன்னிக்கே சொன்னேனே’ என்று நாலு தெருவுக்குக் கேட்கக் கத்த வேண்டும் என்றெல்லாம் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் ஒரு வார்த்தை வரவில்லை, எந்த மொழியிலும்.

இரண்டொரு நாளில் நெசவுக்காரர் வந்தார். கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். மாமா எழுந்து ஓடிப் பானையில் தண்ணீர் மொண்டு நீட்டினார்.

“தண்ணி குடி பாவா.”

“வேணாம்.”

“வெயில்ல வந்துகிற...”

“வேணாம்னேன்ல. இந்த வூட்டு தண்ணி குடிச்சதுக்குத்தான் எம்பொண்ணு மூலையில குந்திகினு கீறா.” அவர் சுவரைப் பார்த்தார். நீல எழுத்தும், வேலும், பாஸ்வேர்டும். “உம்பையன் செஞ்சிருக்க மாட்டான்னு எனக்குத் தெரியும் பாவா. ஆனா யாரு செஞ்சான்னு உனக்கே தெரியாது. அதத்தான் என்னால தாங்க முடியல.”

முப்பது வருஷம் அந்தப் பானையில் குடித்தவர், குடிக்காமலே போய்விட்டார். வயல் தீப்பிடித்தபோதுகூட மாமா அழுது நான் பார்த்ததில்லை. அன்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

யார் செய்தது என்பதைக் கண்டுபிடிக்க ஒன்றும் பெரிய வித்தை தேவைப்படவில்லை. கணக்கு திறந்த நாளையும் நேரத்தையும் போலீஸ் சொன்னது. அன்று பகலில் நாங்கள் எல்லோரும் மலைமேல் ஒரு கல்யாணத்தில் இருந்தோம், வீடு பூட்டிக் கிடந்தது. அப்படியானால் வெளியிலிருந்துதான். எதிர் டீக்கடைக்காரரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

“அந்தக் காலேஜ் பையன்தான் சார். கருப்பு பேக்கு. தெனம் அந்த பெஞ்சிலதான் லேப்டாப்ப வெச்சிகினு குந்திகினு இருப்பான். அன்னிக்கும் இருந்தான். வூடு பூட்டியிருக்கும்போது இன்னாடா வேலைன்னு நெனச்சேன்.” பிறகு மாமா பக்கம் திரும்பினார். “உங்களுக்குத் தெரியாதா? நீங்கதான அவனுக்கு ரெண்டு மூணு வாட்டி தண்ணி மொண்டு குடுத்தீங்க.”

போலீஸ் பிடித்துக் கேட்டதும் ஒத்துக்கொண்டான். அந்தப் பெண்ணின் வகுப்பில் படிக்கிறவன். அவன் அனுப்பிய மெசேஜுக்கு அவள் பதில் போடவில்லையாம், அந்தக் கோபமாம். கேட்டதும் எனக்கு வந்த தெலுங்கை இங்கே எழுத முடியாது. அவனுடைய அப்பா வந்து எல்லோர் காலிலும் விழுந்தார். போலீஸ் நடவடிக்கை எடுத்தது, காலேஜும் எடுத்தது. ஆனால் தளத்திலிருந்து அந்தக் கணக்கு போகவில்லை. புகார் செய்வதற்கு அதில் ஒரு பொத்தான் இருந்தது. நான் அழுத்தினேன், கணவர் அழுத்தினார், காலேஜ் மேடம் அழுத்தினார். பதிலே இல்லை. மாமா தினமும் காலையில் பல்குச்சியோடு வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்று, “போச்சாம்மா?” என்று கேட்பார். “இன்னும் இல்ல மாமா.” மறுநாளும் அதேதான். ஒரு காலையில் அந்தப் பக்கம் திறக்கவில்லை, இல்லை என்று வந்தது. “போச்சு மாமா!” என்று கத்தினேன். அவர் சிரிக்கவில்லை.

“பாத்தவங்க கண்ணுலருந்து போச்சா?” என்றார்.

நான் கம்ப்யூட்டரை அணைத்தேன்.

அன்றே பெயிண்டரை வரவழைத்து இண்டர்நெட் வரிகளை அழிக்கச் சொன்னார். நான் புது பாஸ்வேர்டு வைத்தேன். சொல்லலாம் என்று வாயெடுத்தபோது கையை உயர்த்தித் தடுத்தார்.

“எங்கிட்ட சொல்லாதம்மா. எவனாவது வந்து கஷ்டம்னு கேட்டா நான் குடுத்துடுவேன். என்னால இல்லைன்னு சொல்ல முடியாது. அதனால எனக்குத் தெரியாமலே இருக்கட்டும்.”

அந்த மனுஷர்மேல் அத்தனை நாள் இருந்த கோபம் எனக்கு அந்தப் பேச்சில்தான் போனது.

எல்லாம் முடிந்ததுபோலத் தோன்றியது. ஆனால் அந்தப் பெண் காலேஜுக்கு வரவில்லை. இன்னும் சில நாளில் பரீட்சைக்குப் பணம் கட்ட வேண்டும், தவறினால் வருஷம் போய்விடும் என்று மேடம் சொல்லி அனுப்பினார். படிப்பு நின்றால் அடுத்து என்ன என்பது எல்லோருக்கும் தெரியும். மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள் என்றும் காதில் விழுந்தது. மாமா சட்டையை மாட்டிக்கொண்டு, “நீயும் வாம்மா, நான் மட்டும் போனா கதவ தொறக்கறாங்களோ இல்லியோ” என்றார்.

ஆர்.கே.பேட்டை டவுன் பஸ்ஸில் ஏறி, அங்கே இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து அம்மையார்குப்பம் போனோம். ஊருக்குள் நுழையும்போதே தடக் தடக் என்று தறிச் சத்தம். நெசவு நடக்கிற ஊரில் பகலில் யாரும் கதவைச் சாத்தமாட்டார்கள். நூல் கொண்டுவருகிறவர், சேலை எடுக்க வருகிறவர் என்று ஆள் வந்துகொண்டே இருக்கும். அந்தத் தெருவில் எல்லாக் கதவும் திறந்திருந்தது. அவர்கள் வீட்டுக் கதவு மட்டும் தாழிட்டிருந்தது. உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது.

மாமா கதவைத் தட்டினார்.

“யாரு?” உள்ளேயிருந்து அவள் குரல். எனக்குத் தெரிந்த வாயாடியின் குரலாகவே இல்லை அது.

“நான்தாம்மா.”

“நான்னா யாரு?”

மாமாவின் குரல் அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? பிறந்ததிலிருந்து கேட்ட குரல். தெரிந்தும் கேட்டாளா, அல்லது யார் குரலையும் நம்பாதவளாக ஆகிவிட்டாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது. எனக்குக் கோபம் வரவில்லை. கண்ணில் தண்ணீர்தான் வந்தது. நான் குரல் கொடுக்கப் போனேன். மாமா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

பிறகு, கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்வதுபோல நிதானமாக, தன் பெயரைச் சொன்னார். தன் தகப்பன் பெயரைச் சொன்னார். ஊர், தெரு, வீடு இருக்கும் இடம், கூட வந்திருப்பது யார், எல்லாவற்றையும் சொன்னார். வாழ்நாளெல்லாம் ஒருவரையும் யார் என்று கேட்காத மனுஷர், மூடிய கதவைப் பார்த்துத் தான் யார் என்று சொல்லிக்கொண்டு நின்றார். சொல்லி முடித்துவிட்டு, “தாகமா இருக்குதும்மா. கொஞ்சம் தண்ணி வேணும்” என்றார்.

உள்ளே தறி நின்றது. பிறகு தாழ்ப்பாள் விலகியது.

மெலிந்துபோயிருந்தாள். சொம்பை நீட்டினாள். மாமா அண்ணாந்து குடித்தார், பாதி சட்டையில் சிந்தியது. அவளுக்குப் பின்னால் நெசவுக்காரர் தோளில் நூல் துணுக்குகளோடு வந்து நின்றார். மாமா அவரைப் பார்த்து, “காலேஜுக்கு அனுப்பு பாவா. அது படிக்கட்டும்” என்றார்.

“என்னை இன்னாத்துக்குக் கேக்கற? போனா அவதான் நாலு பேரு மூஞ்சில முழிக்கணும். அவளக் கேளு.”

மாமா அவளைப் பார்த்தார். கேட்கத் தெரியாத மனுஷர் தடுமாறினார்.

“ஏம்மா... வர்றியா?”

அவள் கதவைப் பிடித்தபடியே நின்றாள்.

“செவுத்துல எழுதினத அழிச்சிட்டீங்களா மாமா?”

“அழிச்சிட்டேம்மா.”

“எல்லாத்தையுமா?”

“நெட்டுன்னு எழுதினத மட்டும். குடிநீர்னு எழுதினது அப்படியேதான் கீது.”

“பானை?”

“கீதும்மா. தெனம் ரொப்பறேன்.”

அவள் தன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் மாமாவின் கையிலிருந்து காலிச் சொம்பை வாங்கிக்கொண்டார். அவள் என்னைப் பார்த்து, “அக்கா, திங்கக்கிழம வர்றேன். நாற்காலில பாதி எடம் வெச்சிருங்க” என்றாள். நான் தலையை ஆட்டினேன்.

நாங்கள் தெருவில் இறங்கியதும் பின்னால் கதவு சாத்துகிற சத்தமும், தாழ்ப்பாள் விழுகிற சத்தமும் கேட்டது. மாமா திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் கே.ஜி.கண்டிகையைத் தாண்டியது. அவருடைய நிலம் ஜன்னலில் வந்து போனபோதும் அதைப் பார்க்கவில்லை.

“நான்தான்னு சொன்னா கதவ தொறந்துடுவாங்கன்னு இத்தினி வருஷமா நெனச்சிகினு இருந்தேம்மா” என்றார்.